சத்தத்தைப் பற்றிக் கதைக்க வேண்டாம்

வெண்சிப்பி இசைக்குழுவுக்குக் கீபோட் வாசிக்க ஆள் தேவையாம் என்று கேள்விப்பட்டு யதுர்சிகா மன்னாருக்கு பஸ் ஏறியபோது, அந்த வேலை அவளுக்குக் கிடைக்கும் என்று வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மலையகத்திலிருந்து வந்து முருங்கனுக்கு உள்ளே குடியேறிய குடும்பம். அப்பா வயலுக்குக் கூலிக்குப் போகிறவர். அவள் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். மற்ற நேரத்தில் கோயில் பஜனைக்கும், பக்கத்து ஊர்ச் சபையின் ஞாயிறு ஆராதனைக்கும் கீபோட் வாசித்தாள். வெண்சிப்பியோ மன்னார்க் கரை முழுக்கப் பெயர் எடுத்த குழு. கலியாணம், திருநாள், பள்ளிக்கூட விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய், சினிமாப் பாட்டுகளை அச்சு அசலாக வாசித்துக்கொடுப்பார்கள். போனில் கேட்கிற மாதிரியே இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு ஊர் தரும் பாராட்டு.

குழுவின் தலைவர் டிலக்‌ஷன். முன்னுக்கு நின்று பாடுகிறவரும் அவர்தான். எழுத்தூரில் தன் வீட்டுக்குப் பின்னால் ஒத்திகைக்கென்று ஓர் அறை கட்டி வைத்திருந்தார். யதுர்சிகா ஒரு பாட்டில் பாதிகூட வாசித்து முடிக்கவில்லை, அவர் கையை உயர்த்தினார்.

“காணும் தங்கச்சி, இவ்வளவும் போதும். வாற கிழமையே வந்து சேருங்கோ.”

இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சந்தோஷத்தில் அதை யோசிக்க நேரமில்லை. டிலக்‌ஷன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, புதிதாகச் சேருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியதைச் சொன்னார்.

“எங்களுக்கெண்டு சொந்தச் சரக்கு ஒண்டும் இல்லை. பாட்டு எப்பிடி இருக்குதோ அப்பிடியே வாசிக்கிறது. உங்கட கெட்டித்தனத்தைக் காட்டுற இடம் இதில்லை. கறுப்பு உடுப்புப் போடுங்கோ. கலியாண வீட்டுக்காரர் சாப்பிட முதல் நாங்கள் சாப்பாட்டுப் பக்கம் போறேல்லை. மேடையிலை போனை எடுக்கிறேல்லை. ஆரும் குடிவெறியிலை வந்து அந்தப் பாட்டு இந்தப் பாட்டு எண்டு கேட்டால், சிரிச்சுக்கொண்டு என்னைக் காட்டிவிடுங்கோ.”

எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. அவள் எழும்பும்போது அவர் குரலைத் தணித்தார்.

“இன்னொண்டு. சவுண்டைப் பற்றி ஏதும் கதைக்கிறதெண்டால் என்னோடை மட்டும் கதையுங்கோ. மற்ற ஆக்களோடை வேண்டாம். அவை ஒரு மாதிரி.”

‘அவை ஒரு மாதிரி’ என்ற அந்தச் சொல் அவளோடு பஸ்ஸில் ஏறித் தள்ளாடிப் பாலம் தாண்டி வீடு வரைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு அவள் மற்றவர்களை அந்தச் சொல்லினூடாகவே பார்த்தாள். கிற்றார் வாசிக்கும் நிரோஷன் குழு போகிற வான் வண்டியில் எப்போதும் கடைசிச் சீற்றில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி இருப்பான். பேசாலையிலிருந்து வரும் மேரிசெல்வி அக்கா அருமையான பாட்டுக்காரி; ஆனால் மேடையை விட்டு இறங்கியதும் யாரோடும் கதையாமல் ஒதுங்கிவிடுவார். மேளத்துக்குப் பதில் பட் என்ற மின்தாளப் பலகையை அடிக்கும் துஷாந்தன் வாயே திறப்பதில்லை. ஒலியைப் பார்க்கிற மஹ்மூது நானா எருக்கலம்பிட்டிக்காரர். மேடைக்கு எதிரே, முன்பக்கம் மறைப்பாகக் கறுப்புத் துணி கட்டிய மேசைக்குப் பின்னால், மிக்சருக்கும் லப்டொப்புக்கும் முன்னால் குனிந்தபடி இருப்பார். அந்தத் துணி எதற்கு என்று அவள் ஒருநாள் கேட்டாள். தூசி படாமல் இருக்க என்றார். தூசி மேலேயிருந்தல்லவா விழும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்படிச் சில மாதங்கள் போயின. அவளை ஒருவரும் குறை சொல்லவில்லை. நன்றாக வாசித்தாய் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட ஒரு கலியாணம். மண்டபம் நிறையச் சனம். தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்த நேரம் அவள் ஒரு பெரிய பிழை விட்டாள். அடுத்த பாட்டுக்கு ஓசையை மாற்றும்போது கை வழுக்கி, சுருதியை மாற்றும் பொத்தானில் பட்டுவிட்டது. அது தெரியாமல் அவள் பாட்டைத் தொடங்கினாள். காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் அவளுடைய கீபோட் ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம் என்று இழுபட்டது. நாய் ஊளையிடுகிற மாதிரி இருந்தது. பதறிப்போய்ப் பொத்தானைத் தேடிச் சரிப்படுத்துவதற்குள் பல்லவியே முடிந்துவிட்டது. அவள் தலை நிமிராமல் மிச்சத்தை வாசித்தாள்.

திரும்பி வரும்போது வானில் ஏச்சு விழும் என்று காத்திருந்தாள். டிலக்‌ஷன் முன் சீற்றிலிருந்து திரும்பி, “இண்டைக்கு நல்லாப் போச்சுது” என்றார். நிரோஷன் ஜன்னலைப் பார்த்தான். மேரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டார்.

குத்திக் காட்டுகிறாரோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

மறுநாள் கலியாணப் பொம்பிளையின் சிநேகிதி ஒருத்தி அந்தக் கலியாண வீடியோவை பேஸ்புக்கில் போட்டிருந்தாள். யதுர்சிகா பயந்து பயந்து அந்தப் பாட்டைத் தேடிப் போட்டாள். படத்தில் அவள் பொத்தானைத் தேடித் தடுமாறுவது தெளிவாகத் தெரிந்தது. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. கீபோட் ஓடும் தண்ணீர் மாதிரிச் சுத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கை இரண்டும் பொத்தான்களின் மேல் தவித்துக்கொண்டிருந்த நேரத்திலும் அது நிற்கவில்லை.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டி, “யாரு புள்ள, நீயா வாசிக்கிற? நல்லா இருக்கே” என்றார். யதுர்சிகா போனை அணைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே வேறு விதமாகத் தெரிந்தது. பாதிப் பாட்டிலேயே காணும் என்றது ஏன்? போஸ்டரில் கீபோட்டுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றால் எடுப்பாக இருக்கும் என்றா? முதல் நாள் எந்தப் பக்கம் நீங்கள் என்று கேட்டு, ஊர்ப் பெயரைச் சொன்னதும் டிலக்‌ஷன் ஓ என்றாரே, அந்த ஓவுக்கு என்ன அர்த்தம்? தோட்டத்து ஆட்களின் பிள்ளை, ஏமாற்றினாலும் கேட்க வராது என்றா? மற்றவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டுதான் முகத்தைத் திருப்புகிறார்கள். தன்னைப் பொம்மையாக நிறுத்தி வைத்துவிட்டு, தனக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். இரவில் படுத்தால் இதுதான் ஓடியது.

சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க முள்ளிக்குளத்துத் திருநாள் வந்தது. பூசை முடிந்து, பின்னேர வெயிலில் கோயில் வளவில் மேடை. கடல் காற்று மைக்கில் பட்டு உறுமியது. ஒரு வேகப்பாட்டின் நடுவே கீபோட் தனியாக நீளமாக ஓடும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்ததும் யதுர்சிகா இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கி, தோளுக்கு நேரே அப்படியே வைத்திருந்தாள்.

காலடி ஸ்பீக்கரில் கீபோட் நின்றது. சனத்தைப் பார்த்து நிறுத்தியிருந்த பெரிய ஸ்பீக்கர்களில் அது நிற்கவில்லை. அவளுடைய பகுதி அவள் இல்லாமலே ஓடி, வளைந்து, முடிந்தது. பொடியள் மண்ணைக் கிளப்பி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

நிரோஷன் மட்டும் பார்த்தான். உயர்ந்து நின்ற அவள் கைகளைப் பார்த்து, முகம் வெளிறி, சட்டென்று தன் கிற்றாரைக் குனிந்து பார்த்தான். இவனும் கூட்டுத்தான் என்று அவள் தீர்மானித்தாள்.

அடுத்த ஒத்திகைக்கு முன்னம் மன்னார் பஸ் நிலையத்தில் அவனைக் கண்டாள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு வரச் சொல்லி, கதிரையில் இருக்க முதலே கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியும்தானே?”

அவன் கிளாசைத் தொடவில்லை. கடைக்குள் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“டிலக்‌ஷன் அண்ணா சொல்லியோ வந்தனீங்கள்?”

“என்னத்துக்கு அவர் சொல்லி?”

“பின்னை ஏன் அண்டைக்கு மேடையிலை எனக்குக் கையைத் தூக்கிக் காட்டினனீங்கள்? நக்கலுக்குத்தானே. உங்களுக்கும் தெரிஞ்சு போச்சுது எண்டு விளங்கினது.”

“என்ன தெரிஞ்சு போச்சுது?”

நிரோஷன் அவளை நம்பலாமா என்று பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“என்ரை கிற்றார் வெளியிலை கேக்கிறேல்லை எண்டு. போன வருசம் ஒரு கலியாண வீட்டிலை கேபிள் கழண்டு நிலத்திலை கிடந்தது. எனக்குத் தெரியாது. ஒரு பாட்டு முழுக்க வாசிச்சு முடிச்சுக் குனிஞ்சால் வயர் காலுக்குள்ளை கிடக்குது. சனம் கை தட்டுது. அண்டைக்கு விளங்கினது, நான் சரியில்லை எண்டு என்ரை சத்தத்தை அமத்திப்போட்டு வேறை ஆற்றையோ வாசிப்பைப் போடினம் எண்டு. ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? நீங்கள் எல்லாரும் நல்லா வாசிக்கிற ஆக்கள்.”

தன்னுடையதும் கேட்பதில்லை என்று அவள் சொன்னதை அவன் முதலில் நம்பவில்லை. போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினான். இருவரும் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மேரிசெல்வி அக்காவுக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

“அவ டிலக்‌ஷன் அண்ணாவின்ரை ஆள். அவவிட்டைப் போனால் நேரை அவரிட்டைப் போய்ச் சேரும்.”

ஆனாலும் போனார்கள். பேசாலையில் மேரிசெல்வி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். இருவரையும் சேர்த்துக் கண்டதும் முகம் இறுகியது. நிரோஷன் சொல்லத் தொடங்கி, விக்கி, யதுர்சிகா சொல்லி முடித்தாள். மேரிசெல்வி பிழிந்த சட்டையைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.

“எனக்கு மட்டும்தான் எண்டு நினைச்சன்” என்றார் கடைசியில்.

பிறகு படியில் போய்க் குந்தினார். “தலைமன்னார்த் திருநாளுக்குக் காய்ச்சலோடை போய் நிண்டனான். குரலே இல்லை. சும்மா வாயைத்தான் அசைச்சனான். கீழை இறங்கினால், அக்கா இண்டைக்குப் பாடின மாதிரி ஒரு நாளும் பாடேல்லை எண்டு பொம்பிளையள் வந்து கையைப் பிடிக்கினம். நான் டிலக்‌ஷனிட்டைக் கேட்டனான். முந்தி ஒத்திகையிலை எடுத்த என்ரை குரலைத்தான் போடுறாராம். ஒரு உதவிக்காம். மற்றவைக்குச் சொல்லாதையுங்கோ அக்கா, அவை ஒரு மாதிரி, தெரிஞ்சால் நக்கலடிப்பினம் எண்டார்.”

“எனக்கும் அதையேதான் சொன்னவர்” என்றாள் யதுர்சிகா. “அவை ஒரு மாதிரி எண்டு.”

“எனக்கும்” என்றான் நிரோஷன்.

இவ்வளவு காலம் ஒரே வானில், தோளோடு தோள் இடிபட இருந்தும், ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேரிசெல்வி சட்டையை உதறிக் கொடியில் போட்டார். உதறிய வேகத்தில் தண்ணீர் இவர்கள் முகத்தில் தெறித்தது.

எருக்கலம்பிட்டியில் மஹ்மூது நானா ஒன்றையும் மறைக்கவில்லை. யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தார்.

“எல்லாருடையதும் அப்படித்தான் புள்ள. துஷாந்தன்ட பட்டும் அப்படித்தான். கீபோட்டும் கிற்றாரும் கொழும்புல யாரோ வாசிச்சுக் குடுத்தது. நான் அவங்கட முகத்தையும் கண்டதில்ல. டிலக்‌ஷன்ட மைக் மட்டும் நடுவில கதைக்கத் திறந்திருக்கும். பாட்டு வந்தா அதையும் மூடிருவன். ஓடுறது அவர்ட பழைய குரல்.”

“ஏன் நானா?”

“ஒரு கலியாண வீட்டில மாப்பிள்ளையோட அண்ணன் மேடையில ஏறி, நிப்பாட்டுங்க எண்டு சொல்லிட்டு, தன்ட போனை ஸ்பீக்கருக்குக் குடுத்து அதே பாட்டைப் போட்டான். சனம் அப்பத்தான் எழும்பி ஆடினது. டிலக்‌ஷன் மைக்கைப் பிடிச்சிக்கிட்டு அங்கேயே நிண்டார். அதுக்குப் பிறகுதான் இது. நீங்க ஒருத்தரும் அண்டைக்கு இல்ல. பழைய ஆக்கள் எல்லாம் போயிட்டாங்க.”

அடுத்த கலியாணத்தில் எங்கள் சத்தத்தைத் திறந்துவிடுங்கோ, அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று நிரோஷன் கேட்டான். மஹ்மூது நானா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“அவருக்குத் தெரியாமச் செய்ய மாட்டன் தம்பி. மறைச்சது காணும். அவர்ட முகத்துக்கு நேரே சொல்லுங்க.”

ஒத்திகை அறையில் மேரிசெல்விதான் சொன்னார். டிலக்‌ஷன் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவருடைய பார்வை போனது யதுர்சிகாவிடம்.

“நீங்கள் வந்த பிறகுதான் இந்தக் கதை. உங்களை ஆர் அனுப்பினது? எந்தக் குழுக்காரர்?”

“ஒருத்தரும் அனுப்பேல்லை அண்ணா. என்ரை பிழை வீடியோவிலை கேக்கேல்லை. அதுதான் தேடினனான்.”

“எனக்கும் தெரியும்” என்றது ஒரு குரல். எல்லாரும் திரும்பினார்கள். துஷாந்தன்.

டிலக்‌ஷன் ஒவ்வொருவராகப் பார்த்தார். தனக்கு எதிராக எல்லாரும் கூடிவிட்டார்கள் என்ற எண்ணம் அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. “சரி” என்றார். “மஹ்மூது, லப்டொப்பை மூடுங்கோ. எல்லாற்றை லைனையும் திறந்து விடுங்கோ. கேட்டுப் பாப்பம்.”

வாசித்தார்கள். அந்தச் சத்தத்தை யதுர்சிகா ஒருநாளும் மறக்கமாட்டாள். பட் முன்னால் ஓடியது, கிற்றார் பின்னால் இழுபட்டது. தன் கீபோட் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு நின்றது. மேரிசெல்வி எந்த இடத்தில் சேருவது என்று தெரியாமல் இரண்டு முறை வாய் திறந்து மூடினார். ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்துப் பழக்கமே இல்லை. ஒத்திகையிலும் லப்டொப்பில் ஓடும் பாட்டோடு சேர்ந்தே வாசித்ததால், இவ்வளவு நாளும் கேட்கத் தேவையிருக்கவில்லை. டிலக்‌ஷனின் குரல் மேலே போகவேண்டிய இடத்தில் உடைந்தது. திரும்ப ஏறப் பார்த்தார், திரும்பவும் உடைந்தது. அவர் நிறுத்திவிட்டு மைக்கைத் தாங்கியில் மெல்ல வைத்தார்.

“கேட்டீங்களோ” என்றார். “இதுக்குத்தான்.”

இதற்காகவா இவ்வளவு வழக்குப் பேசினோம் என்று யதுர்சிகாவுக்கு வெட்கமாக இருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் மேரிசெல்வி கதிரையிலிருந்து எழும்பவில்லை.

“திரும்ப முதலிலை இருந்து” என்றார்.

“அக்கா, விடுங்கோ.”

“நீங்கள் பாடாட்டிலும் பரவாயில்லை. இவை வாசிக்கட்டும். நான் பாடுறன்.”

அன்றைக்கு முழுக்க அந்த ஒரு பாட்டுத்தான். பின்னேரம் ஆகும்போது அது பாட்டு மாதிரி வரத் தொடங்கியது. டிலக்‌ஷன் வெளியே போய் நின்றார். பிறகு உள்ளே வந்து சுவரோடு சாய்ந்தார். கடைசியில், யாரும் கூப்பிடாமலே, கீழ்க்குரலில் மேரிசெல்வியோடு சேர்ந்து பாடினார். ஒரு பாட்டை மட்டும் மேடையில் நேரடியாக, அதுவும் பந்தி நேரத்தில், வாசித்துப் பார்ப்போம் என்றார்.

மன்னார் நகரில் நடந்த கலியாணத்தில்தான் அந்த ஒரு பாட்டு அரங்கேறியது. மத்தியானம், சனம் சாப்பாட்டில் கவனமாக இருந்தது. பாட்டுத் தொடங்க முதல் மஹ்மூது நானா கறுப்புத் துணியை விலக்கி, மிக்சரின் சத்தப் பொத்தான்களை விரலால் மேலே தள்ளிக் காட்டினார். யதுர்சிகா தலையாட்டினாள். ஆனாலும் அவள் மனம் நம்பவில்லை. எந்தப் பொத்தானைத் தள்ளினார், உண்மையாகவே திறந்தாரா, டிலக்‌ஷன் வேறு ஏதும் காதில் ஓதியிருப்பாரா என்று வாசிக்கிற நேரம் முழுக்க அவள் பெரிய ஸ்பீக்கர்கள் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்பது தன்னுடைய கையா, கொழும்பில் யாரோ ஒருவருடைய கையா? சரியாக வாசிக்க வாசிக்க அவளுக்குச் சந்தேகம் கூடியது.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு மேசையில் குழந்தை அழுதது. நிரோஷன் உதட்டைக் கடித்தபடி அவளைப் பார்த்தான்.

அப்போது முன்வரிசையிலிருந்து பொம்பிளையின் மாமன் முறையான ஒருவர், கையில் பாதி சாப்பிட்ட சோற்றுக் கோப்பையோடு மேடைக்குக் கிட்ட வந்தார்.

“பிள்ளை, உந்தக் கீபோட் சரியான சத்தம். பக்கத்திலை இருக்கிறவரோடை கதைக்கேலாமல் கிடக்குது. கொஞ்சம் குறையுங்கோ.”

இவரையும் டிலக்‌ஷன் அனுப்பியிருப்பாரோ என்று ஒரு கணம் அவளுக்குப் பட்டது. திரும்பிப் பார்த்தாள். டிலக்‌ஷன் அந்த மனிதரையே முறைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது.

“ஓம் ஐயா, குறைக்கிறன்” என்றாள் யதுர்சிகா. சிரிப்பை அடக்க அவள் மிகவும் கஷ்டப்பட்டாள்.